ஃப்ளூ முற்றும்போது நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

ஃப்ளூ காய்ச்சலில் படுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூக்கு ஒழுகுவதையும் தொண்டை கரகரப்பதையும் சொல்வதற்கு முன்னால், “உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது” என்பார்கள். கெண்டைக்கால் உளைகிறது, இடுப்பு கழன்று போகிறது, கண்ணை உருட்டினால்கூட வலிக்கிறது, இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் குடியேறிப் பெருகுகிற இடம் மூக்கிலிருந்து நுரையீரல் வரை போகும் மூச்சுப்பாதைதான். சாதாரண ஃப்ளூவில் அது அந்தப் பாதையைத் தாண்டிப் பெரிதாகப் பரவுவதில்லை. கெண்டைக்காலில் அதற்கு வேலையே இல்லை. அப்புறம் கால் ஏன் உளைகிறது?

உளைச்சலை உண்டாக்குவது நம் உடம்பேதான். மூச்சுப்பாதையில் வைரஸைக் கண்டதும் அங்குள்ள செல்கள் எச்சரிக்கைப் பொருள்களைச் சுரக்கின்றன. சைட்டோகைன் என்று அவற்றுக்குப் பெயர். அவை இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் சுற்றுகின்றன. மூளைக்குச் சேதி போய்க் காய்ச்சல் ஏறுகிறது, தசைகள் வலிக்கின்றன, பசி அடங்கி ஆளைப் படுக்க வைக்கிறது. ஃப்ளூ என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு வைரஸை எதிர்த்து உடம்பு செய்கிற வேலையால் வருவது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஃப்ளூ பெரும்பாலானவர்களை ஒரு வாரத்தில் விட்டுவிட்டுச் சிலரை மட்டும் ஏன் வெண்டிலேட்டர் வரை கொண்டுபோகிறது என்பதும் புரிய ஆரம்பிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 100 கோடிப் பேருக்குப் பருவகால ஃப்ளூ வருகிறது. அவர்களில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் தீவிரமாகிறது. 2.9 லட்சத்திலிருந்து 6.5 லட்சம் பேர் வரை மூச்சுக் கோளாறால் இறக்கிறார்கள். அந்தச் சிலரின் நுரையீரலுக்குள் நடப்பதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப்போகிறோம்.

அழற்சி என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அழற்சி வேறு, அலர்ஜி வேறு. காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் பலர் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். அலர்ஜிக்குத் தமிழில் ஒவ்வாமை என்று பெயர். அழற்சி என்பது அழல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அழல் என்றால் நெருப்பு. உடம்பின் ஒரு பகுதி சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பதுதான் அழற்சி. இந்த நான்கு அறிகுறிகளையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் வரிசைப்படுத்தி எழுதி வைத்திருக்கிறார்.

விரலில் சிலாம்பு ஏறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கூடுதல் இரத்தம் பாய்வதால் தோல் சிவக்கிறது, சுடுகிறது. அடுத்து, குழாயின் உட்சுவரில் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும் செல்களுக்கு நடுவே இடுக்கு விழுகிறது. அந்த இடுக்கு வழியாக இரத்தத்தின் நீரும் புரதமும் வெளியே கசிகின்றன, அதே வழியில் வெள்ளையணுக்களும் இறங்குகின்றன. வீக்கம் அப்படித்தான் வருகிறது. அங்கே சேரும் பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலி.

கசிவு என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும். கிருமி இருக்கிற இடத்துக்கு வெள்ளையணு போய்ச் சேர வேண்டுமானால் இரத்தக் குழாய் கசிந்துதான் ஆக வேண்டும். விரலில் அது நல்லது. இரண்டு நாள் விரலை மடக்க முடியாது, அவ்வளவுதான். செல்சஸின் நான்கு அறிகுறிகளோடு பிற்காலத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வேலை செய்யும் திறன் போவது. விரலுக்கு அது சின்ன விஷயம். நுரையீரலுக்கு அப்படி இல்லை.

முதல் சில மணி நேரம்

இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம், நம் மூச்சுப்பாதைச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன வைரஸ் தன் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.-வை அவிழ்த்துப் பிரதி எடுக்கத் தொடங்குகிறது.

செல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.-வில் நம்முடையதில் இல்லாத சில அடையாளங்கள் உண்டு. அவற்றைத் தடவிக் கண்டுபிடிக்கவே செல்லுக்குள் சில உணரிப் புரதங்கள் காவல் இருக்கின்றன. அவை உசுப்பப்பட்டதும் செல் சுரக்கிற முதல் பொருள்களில் ஒன்று இன்டர்ஃபெரான்.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததே ஃப்ளூ வைரஸை வைத்துத்தான். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர், கோழி முட்டைக் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வின் துண்டுகளைச் சூட்டில் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். அப்புறம் அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகள் மேல் விட்டார்கள். புதிய துண்டுகளில் உயிருள்ள வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. ஆக, தொற்றிய செல் ஏதோ ஒன்றை வெளியே விடுகிறது, அது மற்ற செல்களைக் காக்கிறது என்று தெரிந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு அந்தப் பெயர். எளிமையான சோதனை, அதிலிருந்து ஒரு பெரிய துறையே பிறந்தது.

இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை கிடைத்த செல் தன் கதவுகளை இறுக்குகிறது. வைரஸ் உள்ளே வந்தாலும் புரதம் செய்ய விடாமல் நிறுத்தி வைக்கிறது. ஃப்ளூ வைரஸும் இதற்குத் தயாராகத்தான் வருகிறது. என்.எஸ்.1 என்ற ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு இன்டர்ஃபெரான் சுரப்பை அமுக்கப் பார்க்கிறது. யார் முந்துவது என்பதுதான் முதல் ஓரிரு நாளின் கதை. உடம்பு முந்திவிட்டால் தொற்று மேல் மூச்சுப்பாதையோடு நின்றுபோகும்.

இதே நேரத்தில் டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-6 போன்ற மற்ற சைட்டோகைன்களும் இரத்தத்தில் ஏறுகின்றன. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரக்க அவை காரணமாகின்றன. வெப்பத்தின் அளவுகோல் 37 டிகிரியிலிருந்து 39-க்கு மாற்றி வைக்கப்படுகிறது. உடம்பு இன்னும் 37-இல் இருப்பதால் குளிர்கிற மாதிரி தோன்றுகிறது, நடுங்கி நடுங்கிச் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. பாராசிட்டமால் போட்டால் அந்தப் புரோஸ்டகிளாண்டின் குறைகிறது, காய்ச்சல் இறங்குகிறது. வைரஸை அது தொடுவதே இல்லை. மாத்திரை போட்டும் காய்ச்சல் திரும்ப வருகிறதே என்று பதறுபவர்களுக்கு இதைச் சொன்னால் பாதிப் பதற்றம் தணியும்.

ஒரு காற்றறையின் சுவர்

இப்போது நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போகலாம். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் காற்றறைகள் என்ற நுண்ணிய பைகளில் முடிகிறது. ஒன்றின் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். இப்படி 30 கோடிக்கும் மேற்பட்ட பைகள் நம்மிடம் இருக்கின்றன.

ஒரே ஒரு காற்றறையை எடுத்துக்கொள்வோம். அதன் சுவரில் ஒரு பக்கம் காற்று. மறுபக்கம் தந்துகி என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாய்க்குள் ஓடும் இரத்தம். நடுவில் இருப்பது தட்டையாக விரித்த ஒரு செல், அதற்குப் பின்னால் தந்துகியின் இன்னொரு செல், இரண்டையும் ஒட்டிவைக்கும் ஒரு மெல்லிய படலம். மெல்லிய இடங்களில் மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவு மெல்லிசாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கண நேரத்தில் தாண்டிப் போக முடிகிறது. சுவரின் மூலைகளில் உருண்டையாக வேறு வகைச் செல்கள் உட்கார்ந்திருக்கும். இவை சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருளைச் சுரந்து, காற்றறை ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. காற்றறைக்குள் ஒன்றிரண்டு மேக்ரோபேஜ்கள் உலாவும். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கித் தீர்ப்பது அவற்றின் வேலை.

இந்த மேக்ரோபேஜ்களின் குணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மூச்சிலும் ஏதோ ஒரு துகள் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கூப்பாடு போட்டால் காற்றறை என்றைக்கும் வீங்கியே கிடக்கும். அதனால் இவை சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அமைதியாக இருக்கப் பழக்கப்பட்டவை. எலிகளில் இந்த மேக்ரோபேஜ்களை மட்டும் நீக்கிவிட்டு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தால் நோய் மிகக் கடுமையாகிறது. எதிர்ப்புச் சக்தி என்றாலே சண்டை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சண்டை வராமல் பார்த்துக்கொள்வதும் அதே அமைப்பின் வேலைதான்.

வைரஸ் இவ்வளவு ஆழம் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? தட்டையான செல்களும் சர்ஃபாக்டன்ட் சுரக்கும் செல்களும் தொற்றிச் சாகத் தொடங்குகின்றன. மேக்ரோபேஜ்களும் குறைகின்றன. செத்த செல் உடைந்து அதன் உள்சரக்கு வெளியே கொட்டும்போது, அதுவே பக்கத்துச் செல்களுக்கு இன்னொரு அபாய அறிவிப்பாகிறது. சைட்டோகைன் இன்னும் ஏறுகிறது. இரத்தத்திலிருந்து நியூட்ரோபில், மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. நியூட்ரோபில் வேகமான சிப்பாய், ஆனால் குறிபார்த்துச் சுடத் தெரியாது. புரதத்தை அரிக்கும் நொதிகளையும் ஆக்சிஜனேற்றப் பொருள்களையும் கொட்டும், தன் டி.என்.ஏ.-வையே வலைபோல வீசி எறியும். பாக்டீரியா கூட்டத்தின் நடுவே இது அருமையான ஆயுதம். முடியின் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள சுவருக்குப் பக்கத்தில் அப்படியல்ல.

ஐந்தாறு நாள் கழித்து டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களைத் தேடித்தேடிக் கொல்வது இவற்றின் பொறுப்பு. இவை இல்லாமல் வைரஸை முழுதாகத் துடைத்தெடுப்பது கடினம். ஆனால் தொற்றிய செல்கள் மூச்சுப்பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு செல்லைக் கொல்லும்போதும் சுவரில் ஒரு ஓட்டை விழுகிறது.

அப்போதுதான் அந்தக் கசிவு. தந்துகியின் இடுக்குகள் திறந்துவிட்டன, காற்றறையின் சுவரிலும் ஓட்டை. புரதம் நிறைந்த நீர் காற்று இருக்க வேண்டிய இடத்தை நிரப்புகிறது. அந்தப் புரதம் சர்ஃபாக்டன்ட்டைக் கெடுக்கிறது. பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. செத்த செல்களின் மிச்சமும் உறைந்த புரதமும் சேர்ந்து சுவரின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படிகின்றன. நோயாளி இழுத்து இழுத்து மூச்சு விடுவார், காற்றும் உள்ளே போகும், ஆக்சிஜன் மட்டும் இரத்தத்தைச் சேராது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் வெளுத்துத் தெரியும்.

மருத்துவத்தில் இந்த நிலைக்கு ஏ.ஆர்.டி.எஸ். என்று பெயர். 1967-இல் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரித்தார்கள். விபத்து, நிமோனியா என்று நோய்க்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் நுரையீரல் ஒரே மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஃப்ளூவும் இந்த நிலைக்குக் கொண்டுபோகும் காரணங்களில் ஒன்று.

நாள் கணக்கையும் கவனியுங்கள். தன்னார்வலர்களுக்கு வைரஸைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், மூக்கில் வைரஸின் அளவு இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. 2009-இல் பரவிய பன்றிக் காய்ச்சல் கொள்ளைநோயில் தீவிரமானவர்கள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 3 முதல் 5 நாளில்தான் மோசமானார்கள். அதற்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளேயே பலருக்கு மூச்சு செயலிழந்தது. வைரஸ் முன்னால் போகிறது, அழற்சி பின்னால் வருகிறது.

“புயல்” என்ற சொல் சொல்வதும் மறைப்பதும்

“சைட்டோகைன் புயல்” என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1993-இல் உறுப்பு மாற்று தொடர்பான ஒரு சிக்கலை விளக்க வந்த சொல் அது. பிற்பாடு ஃப்ளூவுக்கும் வந்தது, கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, உடம்பு தேவையில்லாமல் ஆத்திரப்பட்டுத் தன்னையே அழித்துக்கொள்கிறது என்ற படம்தான் பலர் மனதில் பதிந்திருக்கிறது.

இந்தப் படத்தில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் 18 பேரைத் தொற்றியது. 6 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். பின்னர் வியட்நாமில் இதே வைரஸ் தொற்றியவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, இறந்தவர்களின் இரத்தத்தில் சைட்டோகைன்கள் எக்கச்சக்கமாக இருந்ததைக் காட்டியது. இதோடு நிறுத்தினால் புயல் கதை சரிதான் என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: யாருக்கு வைரஸ் அதிகமோ அவர்களுக்குத்தான் சைட்டோகைனும் அதிகம். உடம்பு காரணமில்லாமல் கொந்தளிக்கவில்லை. வைரஸ் தடுக்கப்படாமல் பெருகிக்கொண்டே இருந்ததால் எச்சரிக்கையும் நிற்காமல் ஒலித்தது.

அடுத்த ஆண்டு எலிகளில் இதை நேராகச் சோதித்தார்கள். முக்கியமான சைட்டோகைன்கள் சுரக்காத எலிகளை எடுத்து, எச்5என்1 கொடுத்தார்கள். சைட்டோகைனை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தும் பார்த்தார்கள். எலிகள் பிழைக்கவில்லை. வைரஸ் அப்படியே இருக்கும்போது எச்சரிக்கை மணியை மட்டும் அறுத்துப் போட்டுப் பயனில்லை.

1918-இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகில் சுமார் 5 கோடிப் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் அந்தக் கொள்ளைநோய், குழந்தைகளையும் முதியவர்களையும் மட்டுமல்லாமல் 20-லிருந்து 40 வயதுக்குட்பட்டவர்களையும் ஏராளமாகக் கொன்றது. அந்த வைரஸை 2005-இல் ஆய்வகத்தில் மறுபடி உருவாக்கினார்கள். 2007-இல் குரங்குகளில் சோதித்தபோது, வைரஸ் ஆழத்தில் கட்டுக்கடங்காமல் பெருகியது, இன்டர்ஃபெரான் வழிகள் சரியாக வேலை செய்யவில்லை, மற்ற அழற்சிப் பொருள்கள் இறங்காமல் உச்சத்திலேயே நின்றன. முதலில் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அப்புறம் வந்தது நிற்கவில்லை.

ஆனாலும் 1918-இன் மரணங்களை முழுக்க அழற்சியின் கணக்கில் எழுதக்கூடாது. அப்போது பாதுகாத்து வைத்த நுரையீரல் மாதிரிகளைப் பிற்காலத்தில் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடம் இருந்தது. ஃப்ளூ ஒரு வாரம் உள்ளே இருந்த மூச்சுப்பாதையில் பாக்டீரியாவுக்குக் கதவு திறந்து கிடக்கிறது: உள்தோல் உரிந்துவிட்டது, சளியை மேலே தள்ளும் நுண்முடிகள் விழுந்துவிட்டன, காவல் நின்ற மேக்ரோபேஜ்கள் குறைந்துவிட்டன. வைரஸை எதிர்க்கச் சுரந்த இன்டர்ஃபெரானே பாக்டீரியாவை விழுங்கும் திறனைக் கொஞ்ச நாளைக்கு மட்டுப்படுத்துகிறது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் எழுந்து நடமாடியவருக்கு மறுபடி காய்ச்சலும் சளியும் மூச்சுத்திணறலும் வந்தால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

யாருக்கு ஏன் முற்றுகிறது?

ஒற்றைப் பதில் கிடையாது. வைரஸ் எந்த ஆழத்தில் ஒட்டும் என்பது ஒரு காரணம். பருவகால ஃப்ளூ பற்றும் சர்க்கரை வடிவம் மேல் மூச்சுப்பாதையில் அதிகம். பறவைக் காய்ச்சல் பற்றும் வடிவம் மனிதர்களுக்குக் காற்றறைகளின் பக்கம் இருக்கிறது. அதனால் அது எளிதில் பரவாது, தொற்றினால் நேரே ஆழத்தில் உட்காரும்.

வயதானவர்களுக்கு இன்டர்ஃபெரான் மெதுவாகச் சுரக்கிறது, டி செல்கள் தளர்ந்திருக்கின்றன. அதே சமயம் எந்தத் தொற்றும் இல்லாதபோதே மெல்லிய அழற்சி ஒன்று உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். உடல் பருமனிலும் இதே நிலைதான். 2009-இல் உடல் பருமன் ஓர் ஆபத்துக் காரணமாகத் தெளிவாகத் தெரிந்தது, கர்ப்பமும் அப்படியே. பரம்பரையும் கொஞ்சம் பேசுகிறது: இன்டர்ஃபெரான் எச்சரித்ததும் செல்லின் கதவை இறுக்கும் புரதங்களில் ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 ஒன்று. ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் அதன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாறுபாடு கூடுதலாக இருந்ததாக 2012-இல் வந்த ஆய்வு காட்டியது.

அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தக் குழாய்களின் உட்சுவர் தூண்டப்படும்போது இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இதயத் தமனியில் ஏற்கனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு ஆபத்து மற்ற நாள்களைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. இதய நோய் உள்ளவர்களிடம் ஃப்ளூ தடுப்பூசியை மருத்துவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது இதைப் படித்த பிறகு எனக்கு நன்றாகவே விளங்கியது.

அப்படியானால் அழற்சியை அடக்க மருந்து கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. ஸ்டீராய்டு கையிலேயே இருக்கிறது, விலையும் குறைவு. பிரிட்டனில் நடந்து 2020 ஜூனில் முடிவு வெளியான பெரிய சோதனையில், வெண்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஃப்ளூவிலும் அப்படியே கொடுத்துவிடலாமே?

அங்கேதான் நிதானம் வேண்டும். ஃப்ளூவில் ஸ்டீராய்டு வாங்கியவர்களைத் தொடர்ந்து பார்த்த பல ஆய்வுகளில் மரணம் குறையவில்லை, கூடியிருந்தது. மோசமானவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு போயிருக்கும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வைரஸ் நீங்க நாளாவதும், மருத்துவமனையிலேயே வேறு தொற்றுகள் சேர்வதும் சேர்ந்து தெரிகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், தீவிர ஃப்ளூவில் ஃப்ளூவுக்காக ஸ்டீராய்டு கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆஸ்துமா போன்ற வேறு காரணத்துக்காகக் கொடுப்பது தனி விஷயம். அதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காய்ச்சலுக்கு எடுத்து விழுங்குவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. இரண்டாம் நாளே அதை விழுங்கினால், வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும் கையைப் பிடித்து இழுக்கிறோம்.

எதிர்ப்பக்கமாக, “இம்யூனிட்டியைக் கூட்டும்” பொடியையும் திரவத்தையும் தேடுகிறவர்களுக்கும் அதே பதில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் உடம்பில் எதிர்ப்பு குறைவாக இல்லை. தேவைப்பட்ட வேளையில் வராமல், தேவை தீர்ந்த பின்னும் போகாமல் நிற்கிறது.

வைரஸின் அளவை ஆரம்பத்திலேயே குறைப்பதுதான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நேரான வழி. ஒசெல்டாமிவிர் வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதியை முடக்குகிறது. தொற்றிய செல்லிலிருந்து புது வைரஸ்கள் பிரிந்து போக முடியாமல் அங்கேயே ஒட்டிக் கிடக்கின்றன. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். காரணம் மேலே பார்த்த நாள் கணக்குதான். தடுப்பூசியையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். அது தொற்றை எப்போதும் முழுதாகத் தடுக்காது. ஆனால் தயாராக இருக்கும் எதிர்ப்பொருள்கள் முதல் நாளே வைரஸைப் பிடித்துக்கொண்டால், காற்றறை வரை இறங்குவது குறைகிறது. ஃப்ளூவில் இருக்கும் மிகச் சிறந்த அழற்சித் தடுப்பு எது என்று கேட்டால் தடுப்பூசி என்றுதான் சொல்வேன்.

கசிவு தொடங்கிய பிறகு செய்யக்கூடியது, நுரையீரல் ஆறும்வரை ஆளைத் தாங்கிப் பிடிப்பது. ஆக்சிஜன், தேவைப்பட்டால் வெண்டிலேட்டர், குப்புறப் படுக்க வைப்பது. வெண்டிலேட்டரிலும் ஒரு பாடம் கற்க வேண்டியிருந்தது. பெரிய பெரிய மூச்சாகக் காற்றை ஊதினால், திறந்திருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றறைகள் அளவுக்கு மீறி இழுபட்டு, அந்த இழுவையே புது அழற்சியைக் கிளப்புகிறது. 2000-இல் வெளியான சோதனையில், ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்குச் சிறிய மூச்சாகக் கொடுத்தபோது மரணம் ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லை. ஊதும் அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? பேச்சை முடிக்கமுடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால், ஆள் குழம்பிப் பேசினால் அல்லது எழுப்பினாலும் அரைத்தூக்கத்தில் கிடந்தால், விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால். குழந்தை வேகமாக மூச்சு விட்டாலும், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்கினாலும், குடிக்க மறுத்தாலும் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: ஃப்ளூ காய்ச்சலில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் வரலாம்.

ஆறுவது தானாக நடப்பதில்லை

அழற்சி தணிவதை, அடுப்பில் விறகு தீர்ந்து நெருப்பு அணைவது போலப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேலை மிகுந்த ஒரு கட்டம். இன்டர்லியூகின்-10 போன்ற அடக்கும் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் வந்து மற்றவற்றைக் கட்டுப்படுத்துவதோடு, சுவரைப் பழுதுபார்க்கத் தூண்டும் பொருள்களையும் தருகின்றன. ஆயுள் முடிந்த நியூட்ரோபில்களை, அவை உடைந்து சிதறும் முன்பே மேக்ரோபேஜ்கள் முழுசாக விழுங்குகின்றன. விழுங்கிய மேக்ரோபேஜ் தன் குணத்தையே மாற்றிக்கொண்டு, சண்டைக்குக் கூப்பிடுவதை விட்டுப் பழுதுபார்ப்பில் இறங்குகிறது. காற்றறையின் மூலையில் உட்கார்ந்திருந்த அந்த உருண்டைச் செல்கள், தப்பிப் பிழைத்திருந்தால், பிரிந்து பெருகித் தட்டையாக விரிந்து ஓட்டையை மூடுகின்றன. தேங்கிய நீரை இறைத்து இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவதும் அவையே. பழுது சரியாகக் கூடாத இடங்களில் தழும்பு விழுகிறது. சிலருக்கு அது நிலைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் நாளாகும். வைரஸ் போய் இரண்டு மூன்று வாரம் ஆகியும் இருமல் விடாமல் இருப்பது, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அசதியாக இருப்பது இதனால்தான். வெண்டிலேட்டரிலிருந்து மீண்டு வீடு திரும்பியவருக்கு இது மாதக்கணக்கில் நீளும். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதே, மருந்து சரியாக வேலை செய்யவில்லையோ என்று அவர் கேட்டால், அவருடைய காற்றறைகளில் புதுச் சுவர் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். படியில் நடுவே நின்று இளைப்பாறிவிட்டு ஏறட்டும்.